காலையில் கட்டி மாலையில் அவிழ்க்கும் கப்பல்: சென்னையில் ஒரு நாள்

நீங்கள் கேட்டது இது. பினாங்கிலிருந்து புறப்படும் கப்பல், பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்குச் சென்னைத் துறைமுகத்தில் கட்டுகிறது. மாலை 6 மணிக்குக் கிளம்பிவிடுகிறது. நீங்கள், 72 வயது அம்மா, தங்கை, தங்கையின் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். மகாபலிபுரம், கபாலீஸ்வரர் கோயில், மெரினா, எழும்பூர் மியூசியம், தி.நகரில் பட்டுப்புடவை, எல்லாம் முடியுமா? அப்புறம், அம்மாவின் அப்பா 1950களில் மெட்ராஸில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். அவர் ஏறிய இடத்தை அம்மா பார்க்க ஆசைப்படுகிறார்.

எல்லாம் முடியாது. ஆனால் அம்மாவின் ஆசை, நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே நிறைவேறிவிடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் 23 வருடம் வேலை பார்த்தவன். பெரும்பாலும் சரக்குக் கப்பல்கள்தான். வருடத்துக்கு நாலைந்து பயணிகள் கப்பல் வரும். அதற்கான காகிதங்கள், தண்ணீர், டாக்டர், காணாமல் போன பெட்டி, காணாமல் போன ஆள், எல்லாம் எங்கள் தலையில். ஆகவே சுற்றுலா வழிகாட்டி சொல்வதை நான் சொல்லப் போவதில்லை. கப்பலின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 7 முதல் 6 வரை என்றால் 11 மணி நேரம் என்று நினைத்திருப்பீர்கள். கப்பல் கட்டியதும் யாரும் இறங்க முடியாது. இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் ஆட்கள் மேலே போய்க் காகிதங்களைப் பார்த்து, ‘சரி, இறக்கலாம்’ என்று சொன்ன பிறகுதான் கேங்வேயில், அதாவது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே போடும் ஏணிப்பாலத்தில், ஆள் விடுவார்கள். நேரே பினாங்கிலிருந்து வருவதால் உங்கள் கப்பல் இந்தியாவில் தொடும் முதல் துறைமுகம் சென்னை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். ஆயிரம் பேர் கப்பல் என்றால் வரிசையை நினைத்துப் பாருங்கள். எட்டரைக்கு வெளியே வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்; ஒன்பது என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அந்தப் பக்கம் 6 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு 5 அல்லது 5.30க்கே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சென்னையின் மாலைப் போக்குவரத்தை நம்பி அந்த 5 மணிக்கு வந்து நிற்கத் திட்டம் போடக் கூடாது. 4 மணிக்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். ஆக உங்கள் கையில் இருப்பது 7 மணி நேரம்.

இன்னொரு சங்கதி. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். நடுக்கடலில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள். சில கப்பல்களில் தள்ள மாட்டார்கள், கப்பல் நேரம் தனியாக ஓடும். உங்கள் தங்கை கையில் கட்டியிருப்பது ஒரு நேரம், போன் காட்டுவது இன்னொரு நேரம், கேங்வே பலகையில் எழுதியிருப்பது மூன்றாவது நேரம் என்று ஆகிவிடும். இறங்கும் முன் வரவேற்பு மேஜையில், ‘கடைசி ஏறும் நேரம் இந்திய நேரப்படி எத்தனை மணி’ என்று கேட்டு, காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கூடவே எந்த கேட் வழியாக வெளியே விடுவார்கள், எதன் வழியாகத் திரும்ப வேண்டும் என்பதையும். சென்னைத் துறைமுகத்துக்குக் கேட்கள் பல. டாக்சி டிரைவரிடம் வெறுமனே ‘ஹார்பர்’ என்றால், அவர் வடக்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கும் பக்கம் கொண்டுபோய் விட்டாலும் விடுவார். அங்கே மாட்டினால் அவ்வளவுதான்.

விசா. ஒரு நாள்தானே, இறங்கி ஏறப் போகிறோம் என்று விட்டுவிடாதீர்கள். விசா இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். பல கப்பல் கம்பெனிகள் பினாங்கிலேயே ஏற்ற மாட்டார்கள். இ-விசாவை ஏற்கும் துறைமுகங்களில் சென்னையும் ஒன்று, அதனால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். ஆனால் கப்பல் சென்னைக்குப் பிறகு கொழும்பு போய் மறுபடி கொச்சிக்கோ மும்பைக்கோ வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது இரண்டாவது நுழைவு. எத்தனை முறை நுழையலாம் என்று விசாவில் இருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். அம்மாவிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தால் அவருக்கு விசா தேவையில்லை.

கப்பல் காத்திருக்காதா என்று எல்லோரும் கேட்பார்கள். கப்பலைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுப்பது கேப்டன் தனியாகச் செய்யும் வேலை இல்லை. கப்பலுக்கு வழிகாட்டித் துறைமுகத்தைத் தாண்டிவிடும் பைலட் மேலே ஏறுவார். இழுவைப் படகுகள் வந்து நிற்கும். கரையில் கயிறு அவிழ்க்க ஆட்கள் இருப்பார்கள். எல்லாம் நேரம் குறித்து வாங்கியது. கப்பல் கட்டியிருக்கும் அந்த பெர்த்துக்கு அடுத்த கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். இரண்டு பேருக்காக இதையெல்லாம் நிறுத்த மாட்டார்கள். கப்பலே ஏற்பாடு செய்த பஸ்ஸில் போய் பஸ் தாமதமானால் மட்டும் காத்திருப்பார்கள், அது அவர்கள் பொறுப்பு என்பதால்.

ஒரு முறை ஒரு தம்பதி. தி.நகருக்குப் போனார்கள். புடவை எடுத்தாயிற்று, மணி மூன்றுதான். கடையில், ‘அரை மணி நேரத்தில் ஃபால்ஸ் அடித்துத் தருகிறோம்’ என்றிருக்கிறார்கள். சென்னையில் தையல்காரர் சொல்லும் அரை மணி என்ன என்பது உங்கள் அம்மாவுக்குக்கூடத் தெரியும். அந்த அம்மாள் பிரான்ஸ்காரர், அவருக்குத் தெரியவில்லை. புடவை கைக்கு வரும்போது நாலே கால். அண்ணா சாலையில் நின்று நின்று வந்து, வாசலைத் தொடும்போது கேங்வே ஏறிவிட்டது. ஐந்து மணிக் கப்பல் அது. இப்படி நடக்கும்போது கப்பலில் ஒரு வழக்கம் உண்டு: கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து ஏஜெண்ட் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு உறையில் இரண்டு பாஸ்போர்ட்டுகளோடு நான் நின்றிருந்தேன். இரவு விமான நிலையம் வரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். கொழும்புக்கு டிக்கெட், அவர்கள் செலவு. அந்த அம்மாள் மடியில் புடவைப் பையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசவே இல்லை. கணவர் மட்டும் ஒரு முறை, ‘தையல் நன்றாகத்தான் இருக்கிறது’ என்றார்.

ஆகவே தி.நகரை அடித்துவிடுங்கள். துறைமுகத்திலிருந்து பத்து, பதினோரு கிலோமீட்டர்தான், ஆனால் நேரம் உங்கள் கையில் இருக்காது. புடவை வேறு இடத்தில் கிடைக்கும், வருகிறேன்.

மகாபலிபுரம். இதைத்தான் எல்லோரும் முதலில் எழுதுவார்கள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலைதான். ஆனால் அந்தச் சாலையைப் போய்ப் பிடிப்பதற்கே நகரத்தை வடக்கிலிருந்து தெற்கு வரை முழுக்கத் தாண்ட வேண்டும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று வைத்தால் உங்கள் 7இல் மிச்சம் 3. சரி, மூன்று மணி போதாதா என்றால், போய்ச் சேரும்போது பதினொன்று. உச்சி வெயில். ஐந்து ரதத்தைச் சுற்றிக் கீழே மணல், மேலே பாறை. நிழல் என்று பெரிதாக இல்லை. 72 வயது அம்மா. கடற்கரைக் கோயிலுக்கும் ரதங்களுக்கும் இந்தியருக்கு 40 ரூபாய் டிக்கெட், வெளிநாட்டவருக்கு 600. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 600தான், தமிழ் பேசினாலும். அர்ச்சுனன் தபசுக்குக் கட்டணம் இல்லை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. காலை ஆறு மணிக்குப் போய், வெயில் ஏறும் முன் பார்த்து முடிக்க வேண்டிய ஊர் அது. கப்பலில் வருபவருக்கு அந்த நேரம் கிடைக்காது. அடுத்த முறை விமானத்தில் வந்து, இரண்டு நாள் அங்கேயே தங்கிப் பாருங்கள். அப்படியும் போயே தீருவேன் என்றால் கப்பலின் சொந்தப் பஸ்ஸில் மட்டும் போங்கள். தனி டாக்சியில் போகாதீர்கள்.

எழும்பூர் மியூசியம் உங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் இருக்கும் மியூசியமும் வெள்ளிதான் விடுமுறை. வேறு கிழமையில் வருகிறவர்கள் எழும்பூரை விடவே கூடாது. அந்த வெண்கலச் சிலைக் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கொடுக்கலாம்.

இப்போது மிச்சம் இருப்பது நகரம். இதில் நான் கடைப்பிடிக்கச் சொல்வது ஒன்றுதான்: இறங்கியதும் நிற்காமல் தூரத்து இடத்துக்குப் போய்விடுங்கள்; அங்கிருந்து துறைமுகத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வாருங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்வார்கள். இறங்கியதும் பக்கத்தில் இருக்கும் கோட்டையைப் பார்த்து, மெரினாவில் நடந்து, மயிலாப்பூருக்கு வரும்போது மணி 12.15. அங்கே கபாலீஸ்வரர் கோயில் நடை சாத்தியிருக்கும். இனி 4 மணிக்குத்தான் திறப்பு. இந்த ஊரின் கோயில்கள் காலையும் மாலையும் வாழ்பவை, நடுப்பகலில் தூங்குபவை. கப்பலோ சரியாக அந்த நடுப்பகலைத்தான் உங்களுக்குத் தருகிறது. ஆகவே முதல் வேலை கோயில்.

மயிலாப்பூருக்கு ஒன்பதே முக்காலுக்குள் போய்விடலாம். எட்டு கிலோமீட்டர்தான். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டுத் தடுப்பு வைத்திருப்பார்கள், டிரைவர் சுற்றிக்கொண்டு போனால் சண்டை போட வேண்டாம். நீங்கள் தனி ஆளாக வந்திருந்தால் பறக்கும் ரயிலைச் சொல்லியிருப்பேன்: துறைமுகத்துக்குப் பக்கத்தில் ராஜாஜி சாலையில் கடற்கரை நிலையம், அங்கே ஏறினால் சில்லறைக் காசில் இருபது நிமிடம் போலத் திருமயிலை. எந்த டாக்சியும் அதை முந்த முடியாது. ஆனால் உயரத்தில் இருக்கும் ஸ்டேஷன்கள். இறங்க ஏறப் படிகள். அம்மாவுக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அங்கே அம்பாள் கற்பகாம்பாளுக்குக் கூட்டம் இருக்கும். சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இன்று ஒரு நாள் தப்பில்லை. சாமி பார்த்துவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள். பிராகாரத்தில் புன்னை மரம் இருக்கிறது, அதன் அடியில் அம்பாள் மயிலாக இருந்து பூஜித்த சன்னிதி. மயிலாப்பூர் என்ற பெயருக்கே அதுதான் கதை. பாம்பு கடித்து இறந்த பூம்பாவையைச் சம்பந்தர் இங்கேதான் பதிகம் பாடி எழுப்பினார் என்பார்கள். அந்தப் பதிகத்தில் மாதாமாதம் இந்த ஊரில் நடந்த விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமல் போகலாமா என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்றும் சொல்லலாம்: பழைய கோயில் இந்த இடத்தில் இல்லை, கடற்கரையில் இருந்தது. போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்த பிறகு எழுந்ததுதான் இப்போது நாம் கும்பிடும் கோயில்.

வெளியே வந்தால் மாட வீதிகள். புடவையை இங்கே வாங்குங்கள். சன்னிதித் தெருவிலும் மாட வீதியிலும் பட்டுக்கடைகள் இருக்கின்றன. தி.நகரின் ஏழு மாடி இல்லை. அதுவே நல்லது, முப்பது புடவை பார்த்து ஒன்றை எடுப்பீர்கள், முந்நூறு பார்த்துத் திகைக்க மாட்டீர்கள். ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்காதீர்கள், பினாங்கில் அடித்துக்கொள்ளலாம். தங்கையின் மகள் பரதம் ஆடுகிறவள் என்று எழுதியிருந்தீர்கள். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, குஞ்சலம், சலங்கை எல்லாம் கிடைக்கும் தெரு இது. பித்தளை விளக்கு வாங்கலாம். சூடம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி வாங்காதீர்கள். கப்பலில் நெருப்பு என்றால் நடுங்குவார்கள், கேங்வேயில் ஸ்கேன் செய்யும்போது எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு பாட்டி அரிவாள்மணையோடு வந்து, அது ஆயுதம் இல்லை, காய் நறுக்குவது என்று பிலிப்பைன்ஸ் பாதுகாப்பு ஊழியரிடம் தமிழில் கால் மணி நேரம் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். சமைத்த சாப்பாடு, பழம், பூவையும் கப்பலில் பெரும்பாலும் விடுவதில்லை. கோயிலில் கொடுத்த பூவை அம்மா தலையில் வைத்துக்கொள்ளட்டும், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

வெயில் ஏறினால் கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க். சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கே முடியுங்கள், ஒரு மணிக்குப் போனால் வங்கிக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக்கு அந்தச் சுற்றிலேயே போதுமான இடங்கள் உண்டு, குறிப்பாக இதுதான் என்று நான் சொல்லப் போவதில்லை. மயிலாப்பூர்க்காரர்கள் இருவரைக் கேட்டால் மூன்று ஓட்டல் சொல்வார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் மட்டும் மூடி உடைக்காத பாட்டில்.

அப்புறம் காரில் ஏறி சாந்தோம். ஐந்து நிமிடம். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மேல் எழுந்த தேவாலயம், இப்போதைய கட்டடம் 1896. நடுப்பகலிலும் திறந்திருக்கும், உள்ளே குளிர்ச்சி, உட்கார நாற்காலி உண்டு. அம்மாவுக்கு அரை மணி ஓய்வு. அதற்காகவாவது போங்கள்.

மெரினாவை நடந்து பார்க்காதீர்கள். ஒன்றரை மணி வெயிலில் அந்த மணலைக் கடந்து தண்ணீரைத் தொடுவதற்குள் பிள்ளைகள் அழுதுவிடும். காரை மெதுவாக விடச் சொல்லி, கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். போகும்போது ஒரு கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: வட்டமாக, பிஸ்கட் டின் மாதிரி இருக்கும் விவேகானந்தர் இல்லம். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1842இல் கட்டியது. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்து இங்கே அடுக்கினார்கள். விவேகானந்தர் 1897இல் தங்கிய பிறகு பெயர் மாறியது. சரி, கப்பலில் வந்த ஐஸைக் கடலிலிருந்து இவ்வளவு தள்ளியா வைப்பார்கள்? நல்ல கேள்வி. அப்போது கடல் இவ்வளவு தள்ளி இல்லை.

இதுதான் எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த கதை. மெட்ராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஆறு வளைவோ குடாவோ இல்லாத நேர்க்கோட்டுக் கரை. கப்பல்கள் வெளியே நிற்கும். அலையை உடைத்துக்கொண்டு மசூலாப் படகுகள் போய் ஆளையும் சரக்கையும் இறக்கி வரும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் அவை, அலை அறைந்தால் பலகை நெகிழும், உடையாது. 1875இல் அஸ்திவாரம் போட்டுக் கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினாற்போல அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். 1881இல் துறைமுகம் நடக்க ஆரம்பித்த வருடமே புயல் வந்து சுவரை உடைத்தது. மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தங்கிவிட்டது. தங்கித் தங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. இன்றும் அங்கே கல்லைக் கொட்டித் தடுக்கிறார்கள். ஆகவே அந்த அகலத்தைக் கொடுத்தது நீங்கள் வந்து இறங்கிய அதே சுவர்தான். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வடசென்னை மீனவர்கள். மெரினாவைப் புகழ்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் கோட்டை. 1640வாக்கில் கிழக்கிந்தியக் கும்பெனிக்காரன் கட்டத் தொடங்கியது, உள்ளே தலைமைச் செயலகமும் 1680ஆம் வருடத்து செயின்ட் மேரீஸ் தேவாலயமும். வெள்ளிக்கிழமை மியூசியம் இல்லாத கோட்டைக்கு, சோதனைக்கு நின்று உள்ளே போகுமளவு நேரம் உங்களிடம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

மூன்று மணிவாக்கில் ராஜாஜி சாலைக்கு வந்துவிடுவீர்கள். இனி கப்பல் கூப்பிடு தூரம். இந்த ஒரு மணி நேரம் அம்மாவுடையது.

உயர்நீதிமன்றத்தைப் பாருங்கள். செங்கல் சிவப்பில் கோபுரங்கள், 1892இல் கட்டி முடித்தது. உச்சியில் இருக்கும் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1970களில் மெரினாவில் இப்போதைய கலங்கரை விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. தாத்தா கப்பலில் ஏறிய இரவு, கரை மறையும்போது கடைசியாகக் கண்ணில் பட்டது அந்த விளக்காக இருந்திருக்கும். வளாகச் சுவரில் எம்டன் கப்பல் குண்டு போட்டதற்கு நினைவுக் கல் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஊரே பயந்து ஓடியது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதே எம்டன் அடுத்த மாதம் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்: அவர்கள் வந்த வழியில் எதிர்த்திசையில் போன கப்பல்.

இந்தச் சாலையிலேயே பாருங்கள்: ஜி.பி.ஓ. என்கிற தலைமை அஞ்சலகம், பழைய வங்கிக் கட்டடங்கள், கடற்கரை நிலையம். தாத்தா காலத்தில் இவை எல்லாம் அப்படியே இருந்தன. ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்து, இந்தச் சாலையைக் கடந்து, துறைமுகத்துக்குள் போயிருப்பார். 1950கள் என்றால் அநேகமாக ரஜூலா. 1926இல் கட்டிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்து, ஆயிரக்கணக்கில் டெக் பயணிகள். அதன் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985இல் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்த வழித்தடமே நின்றது. என்னோடு வேலை பார்த்த மூத்தவர் ஒருவர், ரஜூலா வரும் நாளில் லிங்கிச் செட்டித் தெருவில் நடக்கவே இடமிருக்காது என்பார். வழியனுப்ப ஒருவருக்கு இருபது பேர் வருவார்களாம்.

தாத்தா ஏறிய இடம் எங்கே என்று தேட வேண்டாம். துறைமுகத்துக்குள் நடந்து திரிய யாரையும் விட மாட்டார்கள், கேட்டிலிருந்து கப்பல் வரை வண்டியில்தான் போக வேண்டும். ஆனால் ரஜூலா கட்டியது இதே சுவர்களுக்குள், இதே தண்ணீரில். உங்கள் கப்பலின் கேங்வேயில் அம்மா கால் வைத்து இறங்கும்போதே அந்த இடத்துக்கு வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இமிக்ரேஷன் வரிசை அவசரத்தில் அது தெரியாமல் போய்விடும்.

வண்டி. ஐந்து பேருக்கு இன்னோவா மாதிரி பெரிய வண்டியை ‘எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர்’ பேக்கேஜில் முன்பே பேசி வையுங்கள். நான் சொன்ன சுற்று முப்பது கிலோமீட்டரைத் தாண்டாது. டிரைவர் பேட்டா, பார்க்கிங் சேர்த்தா தனியா என்று முதலிலேயே கேளுங்கள். வெளி வண்டி துறைமுகத்துக்குள் வராது. கேட்டுக்கு வெளியேதான் ஏற வேண்டும். அந்த இடத்தைத் தேடி ஐந்து பேரும் வெயிலில் நிற்காமல், ‘கடற்கரை நிலைய வாசல்’ என்று ஒரே அடையாளம் சொல்லிவிடுங்கள். கப்பல் வைஃபை கரையில் வேலை செய்யாது, ஒருவராவது ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள். பூக்காரம்மா வரை எல்லோரும் கியூ.ஆர். அட்டை நீட்டுவார்கள், உங்கள் மலேசிய வங்கி செயலி அதில் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். நூறு, ஐம்பது நோட்டாகக் கையில் பணம் வேண்டும்.

பிப்ரவரி என்பதால் மழைக் கவலை இல்லை. நவம்பரில் வருகிறவர்களுக்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், கப்பலை உள்ளே விடுவதற்குப் பதில் உள்ளே இருப்பதையே வெளிக்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மாதத்தில் சென்னையை நம்பி டாக்சிக்கு முன்பணம் கட்டக் கூடாது.

கப்பல் உள்ளே வரும் காலை, விடியும் முன் எல்லோரையும் எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப் போங்கள். கிழக்கிலிருந்து வருவதால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும், ஊர் எதிரே வெளிச்சத்தில் நிற்கும்: இடது பக்கம் தள்ளி மெரினா விளக்கு, எதிரே உயர்நீதிமன்றக் கோபுரங்கள். மாலை கிளம்பும்போது பின்தளத்தில் நில்லுங்கள். பிப்ரவரியில் ஆறே காலுக்குச் சூரியன் இறங்கும், அதே கோபுரங்களுக்குப் பின்னால். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.